கடலூர் ஊர்ப்பள்ளிக்கு உதவ மூன்று வழிகள்: எது நிலைத்து நிற்கிறது?

பண்ருட்டிப் பக்கமோ பரங்கிப்பேட்டைப் பக்கமோ ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. பள்ளிக்கு வேண்டிய பொருள்களை ஊர் கூடி ஊர்வலமாக, கல்விச் சீராகக் கொண்டுபோகலாம். அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இணையதளத்தில் பணம் கட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போய் உட்காரலாம். கொடுக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும் பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேருகிறது என்ற ஒரே அளவுகோலில் மூன்றையும் வைத்துப் பார்த்ததே இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றாவது வழி மெதுவானது, போட்டோவுக்கு ஆகாதது. ஆனால் அது உயிரோடு இல்லாத பள்ளியில் முதல் இரண்டும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே கஷ்டம்.

கல்விச் சீர் பார்ப்பதற்கு மனம் நிறைந்த காட்சி. மேளம் முன்னே போக, பெண்கள் தாம்பாளத்தில் நோட்டும் பென்சிலும் துடைப்பமும் ஏந்தி வர, பின்னால் இரண்டு பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காமராசர் காலத்தில், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் மிச்சம் இதில் இருக்கிறது. அன்றும் மக்கள் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். இந்தப் பள்ளி நம்முடையது என்று ஊரே ஒரு நாள் உரக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

குறை, பொருள் தேர்வில்தான். ஆளுக்கு ஆள் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவிடுவார்கள். 30 பிள்ளைகள் உள்ள பள்ளியில் 40 நாற்காலி, ஆனால் குடிநீர்த் தொட்டிக்கு மூடி இருக்காது. அதனால் பத்து நாள் முன்பே தலைமையாசிரியரிடம் பட்டியல் வாங்கி, யார் எதை வாங்குவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பில்லின் நகல் ஒன்றைப் பள்ளியில் கொடுத்து, பொருளை அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் ஏறாத பொருளுக்குத் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போகும் நாளில் கணக்கு கேட்க ஆள் கிடையாது. மின்விசிறி கொடுப்பவர்கள் முதலில் எலக்ட்ரீசியனை அனுப்பிக் கூரைக் கொக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்தக் கம்பியைத் தின்றிருக்கும். விசிறியும் பி.எல்.டி.சி. வகையாக இருக்கட்டும். பழைய வகை 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும். சீருக்கு ஐந்துக்கு இரண்டரை. பட்டியலோடு நடந்தால் மூன்றரை.

‘நம்ம ஸ்கூல்’ தளம் 2022 டிசம்பர் 19-ல் தொடங்கப்பட்டது. அதன் அறக்கட்டளைக்குத் தலைவர் வேணு சீனிவாசன், விளம்பரத் தூதர் விஸ்வநாதன் ஆனந்த். மாவட்டம், ஒன்றியம், பள்ளி என்று தேர்ந்தெடுத்து, அந்தப் பள்ளியின் தேவைக்குப் பணம் அனுப்பலாம். ரசீது வரும், வருமான வரிச் சலுகையும் உண்டு. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவருக்கு இது நிஜமாகவே வசதியான ஏற்பாடு. பணம் யார் கைக்கும் போகாமல் கணக்கில் நிற்பது பெரிய விஷயம்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, பள்ளியின் பெயர். ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும் மாவட்டம் இது. புதுப்பாளையமும் புதுப்பேட்டையும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெயரை நம்பாமல், ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக உள்ள 11 இலக்க யுடைஸ் அடையாள எண்ணைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, அதை வைத்து உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் எண் 33-ல் தொடங்கும். இரண்டாவது, பட்டியலில் இருக்கும் தேவை இன்னமும் தேவைதானா என்பது. ஆறு மாதம் முன்பு பதிந்ததை வேறு நிதியில் முடித்திருக்கலாம். ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். வகுப்பறை, சுற்றுச்சுவர், கழிவறைத் தொகுதி போன்ற பெரிய வேலைக்கு இந்தத் தளம் பொருத்தம். உடைந்த தாழ்ப்பாளுக்கும் அடைத்த குழாய்க்கும் அல்ல. ஐந்துக்கு மூன்று.

பள்ளியை மூட வைப்பது பெரும்பாலும் அந்தத் தாழ்ப்பாளும் குழாயும்தான். பெண்பிள்ளைகள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் பிள்ளை மதியம் தண்ணீர் குடிக்காது. அடுத்த ஜூனில் அம்மா வேன் வரும் பள்ளிக்கு மாற்றிவிடுவார். இதைப் பார்க்க வேண்டிய இடம்தான் மேலாண்மைக் குழு.

2009-ன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21, இந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சொல்கிறது. பிரிவு 22 பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை இந்தக் குழுவிடமே கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் கொண்ட குழுவாகத் திருத்தி அமைத்தார்கள். 2024-ல் 24 பேராக்கி முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தலைவர் ஒரு பெற்றோர், கூட்டத்தைக் கூட்டுபவர் தலைமையாசிரியர். தீர்மானங்களைக் கல்வித்துறையின் ‘பெற்றோர் செயலி’யில் ஏற்ற வேண்டும். காகிதத்தில் இவ்வளவு அதிகாரம் உள்ள ஊர்க்குழு வேறு எத்தனை இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் கெடுவது நேரத்தில். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால், முந்திரிக் காட்டுக்கோ நடவுக்கோ போன அம்மா எப்படி வருவார்? கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கை (கோரம்) சேராது, பதிவேடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்தோடு திரும்பும். தலைவராக இருக்கும் பெண்ணுக்குப் பதில் கணவர் பேசும் ஊர்களும் உண்டு. வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்கு, பிள்ளைகளை அழைக்க வரும் வாசலிலேயே கூட்டத்தை வைத்தால் வருகை தானாகக் கூடும்.

அடுத்தது தீர்மானத்தின் வாசகம். ‘கழிவறையைச் சீர் செய்ய வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் அந்தக் காகிதம் நகராது. ‘பெண்கள் கழிவறை, இரண்டாவது அறை, தாழ்ப்பாள் இல்லை, மேல்தொட்டியிலிருந்து வரும் அரை அங்குலக் குழாய் 6 மீட்டர் மாற்ற வேண்டும், கடை விலைச்சீட்டு இணைப்பு, பொறுப்பு இன்னார், அடுத்த கூட்டத்துக்குள்’ என்று எழுத வேண்டும். நகல் ஒன்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு, இன்னொன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. கட்டடம் ஒன்றியத்துடையது என்பதால் இரண்டாவது நகல் கட்டாயம். இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிப் பதிவேட்டில் ஒட்டுங்கள். கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. இப்படித் தலைவர் இல்லாத காலத்தில் எழுத்தில் போவது மட்டுமே நிற்கும். அதே வாசகத்தைக் கிராமசபையிலும் ஏற்றலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பள்ளிக்கு வரும் பணம் எவ்வளவு என்று குழுவுக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானிய விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குப் போக வேண்டும். கணக்கைக் கவனியுங்கள்: முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையே ஒரே ஒரு பிள்ளை, 15,000 ரூபாய். ஆசிரியர் கணக்கும் இப்படித்தான். 60 வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் சட்டப்படி மூன்று. ஐந்து வகுப்பை இருவர் பார்க்கும் பள்ளிக்கு அந்த மூன்றாவது ஆள் எவ்வளவு பெரியது என்று உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் குழு உறுப்பினர் நாலு பேர் வீடு வீடாகப் போய் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சேர்ப்பது, ஒரு பீரோ நன்கொடையைவிடப் பல மடங்கு பெரிய உதவி.

குழு எடுத்துச் செய்யக்கூடிய வேலைகளில் முதலிடம் கைகழுவும் இடத்துக்கு. காலை உணவும் சத்துணவும் பள்ளியிலேயே என்றான பிறகு, ஒரே நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் கைகழுவ வேண்டியிருக்கிறது. தனித்தனிக் குழாய் வைத்தால் பித்தளை காணாமல் போகும், பிளாஸ்டிக் கைப்பிடி உடையும். அதற்குப் பதில் ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய் 4 மீட்டரைச் சுவரோரம் தரையிலிருந்து 60 முதல் 70 செ.மீ. உயரத்தில் கிடையாகப் பொருத்தி, 40 செ.மீ.க்கு ஒன்றாக அடிப்பக்கம் 3 மி.மீ. துளை பத்து போடுங்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு வால்வு. மறுமுனையில் ஒட்டிவிடாமல் திருகு மூடி, மாதம் ஒருமுறை திறந்து மண்ணைக் கழுவிவிட. துளையில் உப்பு படிந்தால் ஈர்க்குச்சியால் குத்தினால் போதும். வால்வைத் திறப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் முறை. பத்துப் பேர் கழுவியதும் மூடிவிடும். சோப்பைப் பழைய வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் தரையில் விழுந்து கரையாது. தண்ணீர் ஓடும் வாட்டத்தை வாழைக்கன்றுப் பக்கம் வையுங்கள்.

குடிநீருக்கு எடுத்தவுடன் ஆர்.ஓ. எந்திரம் வாங்கிக் கொடுப்பது தவறு. முதலில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல அளவு. வேறு ஊற்று இல்லையென்றால் 2,000 வரை ஏற்கலாம். 500-க்குள் இருந்தால் ஆர்.ஓ. வேண்டாம், தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டாலே பெரும்பாலும் போதும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. கடலோரத்தில் உப்பு ஏறிய ஆழ்குழாய் என்றால் ஆர்.ஓ. வேண்டும்தான், ஆனால் அதற்கான வடிகட்டிச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். மாதம் சில நூறு ரூபாய் இல்லாமல் நின்றுபோன எந்திரங்கள் பல பள்ளி மூலைகளில் தூசி படிந்து கிடக்கின்றன.

வண்ணம் அடிப்பது மே மாத வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் காயும் முன் எமல்ஷன் பூசினால் அடுத்த பருவத்திலேயே தோலாக உரியும். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயர அறையில் கதவு, ஜன்னல் கழித்து ஏறக்குறைய 680 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 12 முதல் 14 லிட்டர். ஒன்று, இரண்டாம் வகுப்பு அறையில் பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரோரம் ஓடும் கீழ்மட்டக் கரும்பலகையை மட்டும் கார்ட்டூன் படத்தால் மூடிவிடாதீர்கள். அது அலங்காரமல்ல, பிள்ளை எழுதிப் பழகும் இடம்.

‘தானே’ புயல் வந்தது 2011 டிசம்பர் 30-ல், 2015-ல் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதையொட்டித் தென்பெண்ணை ஆறு ஊருக்குள் வந்தது. இந்த மாவட்டத்தில் பள்ளிப் பராமரிப்பு என்றால் பாதி மழைப் பராமரிப்பு. புரட்டாசி முடிவதற்குள் நாலு பேர் மொட்டை மாடியில் ஏறி வடிகால் வாயில் அடைத்த சருகை அள்ள வேண்டும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் இரண்டு இலையோடு நிற்கும் அரசங்கன்றை அப்போதே வேரோடு பிடுங்க வேண்டும். விரல் தடிமன் ஆகிவிட்டால் வெட்டினாலும் துளிர்த்து, அடுத்த மழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் வகுப்பறைக்குள் இறங்கும். புத்தகமும் அரிசி மூட்டையும் தரையிலிருந்து பலகைமேல் ஏறட்டும். இதற்குக் காசு தேவையில்லை, அரைநாள் போதும்.

பாகூர் எல்லையோரத்தில் தெருவுக்கு இந்தப்புறம் கடலூர், அந்தப்புறம் புதுச்சேரி. அந்தப்புறப் பள்ளிக்கு ‘நம்ம ஸ்கூல்’ தளம் பொருந்தாது, அது தமிழ்நாட்டுக்கு மட்டும். கல்வி உரிமைச் சட்டமும் மேலாண்மைக் குழுவும் இரண்டு பக்கத்துக்கும் உண்டு.

குழுவுக்கு ஐந்துக்கு நாலு, அது மாதாமாதம் கூடினால். கூடுகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு: தீர்மானப் பதிவேட்டைக் கேட்டு, கடைசி மூன்று கூட்டத்துக் கையெழுத்துகளைப் பாருங்கள். மூன்றும் ஒரே பேனா, ஒரே மையாக இருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் போக வேண்டிய பள்ளி அதுதான்.