மழை ஜாக்கெட்டும் கூடாரமும்: தண்ணீரை மறுபடி உருள வைக்க எது சரி?

வால்பாறையில் ஒரு ஜூலை மாதம். சின்னக்கல்லார் பக்கம் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஐந்து வருடம் உழைத்த என் மழை ஜாக்கெட்டின் தோளும் முன்கையும் முதல் அரை மணி நேரத்திலேயே கருத்துக் கனத்துவிட்டன. உள்ளே போட்டிருந்த சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஜாக்கெட் ஒழுகுகிறது, இனி தூக்கிப் போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே இறங்கி வந்தேன். வீட்டில் அதன் தோள் பகுதியை வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி குழியாகப் பிடித்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆகியும் அடியில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

ஒழுகாத ஜாக்கெட்டுக்குள் நான் எப்படி நனைந்தேன்? இதற்கு விடை தெரிந்தால்தான் கடையில் விற்கும் நீர்விலக்கு மருந்தில் எந்த பாட்டிலை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பது புரியும்.

மூச்சுவிடும் மழை ஜாக்கெட்டில் தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் சவ்வு அல்லது பூச்சு. ராபர்ட் கோர் 1969-ல் டெஃப்லானை இழுத்து நீட்டி உருவாக்கிய பொருளிலிருந்து வந்த கோர்-டெக்ஸ் அப்படி ஒரு சவ்வு. அதற்கு மேலே உள்ள வெளித்துணி சாதாரண நைலானோ பாலியஸ்டரோதான். அந்த வெளித்துணியின் இழைகள் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு விலக்குப் பூச்சு உண்டு, டி.டபிள்யூ.ஆர். என்று லேபிளில் போட்டிருப்பது அதைத்தான். தாமரை இலைத் தண்ணீர் போல மழை முத்து முத்தாக உருண்டு ஓடுவது அதனால். அந்தப் பூச்சு போனதும் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கொள்கிறது. சவ்வு மழையை உள்ளே விடாது, ஆனால் ஊறிப்போன துணியைத் தாண்டி வியர்வை ஆவியும் வெளியே போக முடியாது. ஈரத்துணி குளிர்ந்து கிடப்பதால் அந்த ஆவி உட்புறத்திலேயே தண்ணீராகப் படிகிறது. அன்று நான் நனைந்தது பெரும்பாலும் என் வியர்வையில்.

அதனால் தண்ணீரை மறுபடி உருள வைக்கும் வழிகளை வரிசைப்படுத்தும்போது முதலில் நிறுத்த வேண்டியது எந்தக் கடைச் சரக்கையும் அல்ல. துவைப்பதையும் சூடு காட்டுவதையும்தான்.

துவைத்தால் வாட்டர்ப்ரூஃப் போய்விடும் என்று மலையேறும் நண்பர்கள் பலர் இன்னும் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிர். தூசி, சன்ஸ்கிரீன், தோல் எண்ணெய் எல்லாம் விலக்குப் பூச்சை மூடிவிடுகின்றன. நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது: தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெய் வைப்பவர்களின் ஜாக்கெட்டில் தலைமூடியின் விளிம்பும் காலரும்தான் முதலில் கருக்கும். சந்தேகம் இருந்தால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வழக்கமான சலவைத் தூளின் மிச்சமும் அதே தவறைச் செய்கிறது, ஏனென்றால் தண்ணீரைத் துணிக்குள் இழுப்பதுதான் அந்தத் தூளின் வேலை. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் இன்னும் மோசம்.

கோர்-டெக்ஸ் நிறுவனத்தின் சொந்த அறிவுரையே இதுதான்: 40 டிகிரி வெந்நீரில் கொஞ்சம் திரவ சோப்பு போட்டுத் துவை, இரண்டு முறை அலசு, காயவை, காய்ந்த பின் டிரையரில் இருபது நிமிடம் சுற்று. டிரையர் நம் வீடுகளில் அபூர்வம். அதற்கும் அவர்களே வழி சொல்கிறார்கள்: ஆவி விடாமல் மிதமான சூட்டில், மேலே ஒரு துண்டை விரித்து இஸ்திரி போடலாம். சூடு பட்டதும், சாய்ந்து படுத்துவிட்ட பூச்சின் மூலக்கூறுகள் மறுபடி நிமிர்ந்து நிற்கின்றன. லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

அலசும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைப் புறநகரின் உப்புப் போர் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாமல் வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வையுங்கள். மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது.

என் வால்பாறை ஜாக்கெட்டில் இதை மட்டும் செய்தேன். முதுகும் மார்பும் முழுதாகத் திரும்பி வந்தன. தோள்பட்டையில் பையின் வார் உரசிய இடமும் முன்கையும் வரவில்லை. அங்கே பூச்சு அழுக்கால் மூடப்படவில்லை, தேய்ந்தே போயிருந்தது. தேய்ந்த இடத்துக்குப் புதுப் பூச்சுதான் வேண்டும். பாட்டில்களுக்கு இங்கேதான் வேலை.

சந்தையில் இரண்டு வகை. தண்ணீரில் கலந்து துணியை ஊறவைக்கும் வாஷ்-இன் ஒன்று, மேலே தெளிக்கும் ஸ்பிரே மற்றொன்று. பிரிட்டனின் நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் இரண்டு நிறுவனங்களும் இரண்டு வகையையும் விற்கின்றன. எது மேல் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றே: உங்கள் ஜாக்கெட்டின் உள்ளே தனியாக லைனிங் தொங்குகிறதா?

வாஷ்-இன்னின் பலம் சமச்சீர். தையல், மடிப்பு, அக்குள், ஜிப்பின் ஓரம் என்று கை எட்டாத இடத்துக்கெல்லாம் திரவம் போய்ச் சேர்கிறது. பலவீனமும் அதுதான், வேண்டாத இடத்துக்கும் போகிறது. வியர்வையை உறிஞ்சிப் பரப்ப வேண்டிய வலைத்துணி லைனிங்கும் தண்ணீரை விலக்கத் தொடங்கினால், வியர்வை உடம்பிலேயே வழியும். அதனால் உள்ளே தனி லைனிங் இல்லாத, மூன்று அடுக்கும் ஒன்றாக ஒட்டிய ஜாக்கெட்டுக்கும், மெல்லிய மழை பேன்ட்டுக்கும் வாஷ்-இன் பொருத்தம்.

ஆனால் நம் வீட்டு நிலைமையில் ஒரு சிக்கல். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுகள் பெரும்பாலும் முன்கதவு வாஷிங் மெஷினை மனதில் வைத்தவை. மேல்திறப்பு மெஷின் அதைவிட நிறையத் தண்ணீர் இழுக்கும். மருந்து நீர்த்துப் போகும். அதைவிட முக்கியம், தண்ணீர் புகாத துணி சுழலும்போது பைபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெஷினையே ஆட்டம் காண வைக்கும். மெஷின் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன. வாளிதான் என் தேர்வு. கையுறை போட்டுக்கொண்டு, சோப்பு வாடையே இல்லாத வாளியில், பாட்டில் சொல்லும் கைச்சலவை அளவில் கலந்து, ஜாக்கெட்டை அமுக்கி அமுக்கிப் புரட்டி ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, முறுக்காமல் தொங்கவிடுகிறேன்.

ஸ்பிரே குறி பார்த்து அடிப்பது. தோள், முன்கை, தலைமூடி ஆகிய தேய்ந்த இடங்களில் மட்டும் இரண்டு சுற்று அதிகம் அடிக்கலாம். லைனிங் தப்பிக்கிறது. குறை என்னவென்றால் திட்டுத் திட்டாக விழும். காற்றடித்தால் பாதி மருந்து பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும். துவைத்த ஈரத்தோடு ஹேங்கரில் தொங்கவிட்டு, ஜிப்பையெல்லாம் மூடி, ஒரு சாண் தூரத்திலிருந்து அடித்து, இரண்டு நிமிடம் கழித்து வழிந்து நிற்பதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் வெள்ளைத் திட்டு வராது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அழுத்த வாயு டப்பாவில் வரும் நீர்விலக்கு ஸ்பிரேயை மூடிய அறையில் அடிக்காதீர்கள். அந்த நுண்துளிகளைச் சுவாசித்து நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனை சேர்ந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கையால் அமுக்கும் பம்ப் ஸ்பிரே துளி பெரிது, ஆபத்து குறைவு. அதையும் திறந்த வெளியில், குழந்தைகளை விலக்கி வைத்துவிட்டு அடிப்பதே நல்லது.

என் தீர்ப்பு: லைனிங் இல்லாத ஜாக்கெட் ஒட்டுமொத்தமாகச் சோர்ந்துவிட்டதா, வாஷ்-இன். லைனிங் உள்ளதா, அல்லது தேய்வு சில இடங்களில் மட்டுமா, ஸ்பிரே. நிக்வாக்ஸ் தன் மருந்துக்குச் சூடு தேவையில்லை என்கிறது. கிரேஞ்சர்ஸ் மிதச் சூடு காட்டினால் நன்றாகப் பிடிக்கும் என்கிறது. பழைய பூச்சின் மிச்சமும் எழும் என்பதால் நான் இரண்டுக்குமே கடைசியில் இஸ்திரி போட்டுவிடுகிறேன்.

ஃப்ளூரின் உள்ளதா, இல்லாததா என்பதும் ஒரு போட்டி. பழைய ஃப்ளூரின் பூச்சுகள் தண்ணீரோடு எண்ணெயையும் விலக்கின. அந்தத் திறமையை மெழுகு, சிலிகான் வகைகளால் எட்ட முடியவில்லை. ஆனால் ஃப்ளூரின் பூச்சுகள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. அந்த ஃப்ளூரின் வேதிப்பொருள் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.ஏ. 2019-ல், எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் இந்தக் குடும்பம் சேர்த்த ஆடைகளின் விற்பனைக்கு, கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் விட்டு, தடை போட்டுவிட்டது. வாளியில் அலசும் தண்ணீர் கடைசியில் ஏதாவது ஓடையில்தான் சேர்கிறது. மலைக்குப் போகிறவன் அந்த ஓடையில்தான் குனிந்து குடிக்கிறான். நான் ஃப்ளூரின் இல்லாததைத்தான் வாங்குகிறேன். எண்ணெய் பட்டால் சீக்கிரம் சோர்வதால் அடிக்கடி துவைக்க வேண்டும். அந்த வேலையை மனமுவந்து செய்கிறேன்.

இனி கூடாரம். இங்கே ஜாக்கெட் பாடத்தை அப்படியே கொண்டுவந்தால் பணம்தான் போகும். பெரும்பாலான கூடாரங்களில் தண்ணீரை நிறுத்துவது துணியின் உட்பக்கம் தடவிய பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். என் முதல் கூடாரத்தை ஒரு நவம்பர் மழைக்குப் பின் அரைகுறையாகக் காயவைத்துப் பரண் மேல் போட்டேன். இரண்டு கோடை கழித்துப் பிரித்தால் துணியோடு துணி பசைபோல ஒட்டியிருந்தது, வாந்தி வாடை அடித்தது. ஓட்டு வெயில் இறங்கும் பரணைவிட மோசமான இடம் கூடாரத்துக்கு இல்லை.

இந்த நிலைக்கு வந்த துணி மேல் நீர்விலக்கு ஸ்பிரே அடிப்பது வீண். மேலே தண்ணீர் உருளும், அழுத்தி மழை பெய்தால் உள்ளே இறங்கும். ஸ்பிரேக்குக் கூடாரத்தில் வேலை உண்டு: பூச்சு நன்றாக இருந்து, மேல்துணி மட்டும் ஊறிக் கனத்துத் தொய்கிறது என்றால் அடிக்கலாம். மற்றபடி தேர்வு, தையலையும் உரிவையும் அடைக்கும் பாலியூரித்தேன் சீலரா, சிலிகானா என்பதுதான்.

இதில் துணி கேட்பதைத்தான் கொடுக்க முடியும். சிலிகான் ஊட்டிய துணி மேல் சிலிகானைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. எளிய சோதனை: கூடாரத்தின் மேல்விரிப்பைத் திருப்பித் தையலைப் பாருங்கள். தொழிற்சாலையிலேயே ஒட்டிய பளபளப்பான டேப் தையல் மேல் ஓடினால், அந்தப் பக்கம் பாலியூரித்தேன். டேப் இல்லாமல், துணி இருபக்கமும் வழுவழுப்பாக இருந்தால் சிலிகானாக இருக்கும்.

பாலியூரித்தேன் சீலர் தையல், தரை, சின்னச் சின்ன உரிவுகளுக்குக் கைகண்டது. உரிந்த டேப்பை எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி ஒரு ராத்திரி விட்டால் போதும். மேல்விரிப்பு முழுவதற்கும் அதைத் தடவுவது எடையும் செலவும் கூடுகிற காரியம். சிதைந்த பழைய பூச்சு மேல் புதியது நிற்கவும் செய்யாது.

சிலிகான் துணிக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நிறமில்லாத முழு சிலிகான் டியூபே போதும். பெயின்ட் கடை மினரல் டர்பன்டைனில் கரைத்து, தையலுக்குக் கூழ் பதத்திலும், சோர்ந்த துணிக்குப் பால் பதத்திலும் பிரஷ்ஷால் தடவி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வழியவிட்டால் காய்ந்த பின்னும் பிசுபிசுக்கும். முதல் தடவை கூடாரத் துணியின் ஒரு மூலையில் முயன்று பாருங்கள். நெருப்பு, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். மொட்டை மாடிதான் இடம். செலவில் இதை மிஞ்ச ஆளில்லை, உழைப்பும் இதுவே அதிகம் கேட்கிறது. பசைத்துப்போன என் பழைய கூடாரத்துக்கு நான் எதையும் முயலவில்லை. வெறும் உள்வலையை வைத்துக்கொண்டு மேலே ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்கிறேன்.

பருத்திக் கித்தான் பை, தொப்பி, பழைய கான்வாஸ் விரிப்பு வைத்திருப்பவர்களுக்கு மெழுகு, படிகாரம் என்று இரண்டு வழி. பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த கட்டியைத் துணியில் தேய்த்து இஸ்திரிப் பெட்டியால் உருக்கி இறக்குவது ஒன்று. குளிர் நாட்டில் அருமையான வழி. நம் வெயிலில் இளகித் தூசியை இழுக்கும், துணியில் காற்றும் குறையும். ஊட்டி, கொடைக்கானலுக்குச் சரி, மதுரைக்குச் சரியில்லை. படிகாரம் பழைய கைவைத்தியம். சீவிய சோப்பை வெந்நீரில் கரைத்துத் துணியை ஊறவைத்துப் பிழிந்து, பிறகு படிகாரக் கரைசலில் முக்க வேண்டும். இரண்டும் இழைக்குள் சேர்ந்து தண்ணீரில் கரையாத அலுமினிய சோப்பாகப் படிகிறது. டிடர்ஜென்ட் கட்டி இதற்கு உதவாது, அசல் சோப்பு வேண்டும். வெள்ளைப் படிவம் தெரியும், நீர்விலக்கும் குணம் சில சலவையில் போய்விடும். ஆனால் துணி மூச்சுவிடும், பொருளோ மளிகைக் கடையிலேயே கிடைக்கும். கித்தானுக்கு நான் படிகாரத்தின் பக்கம்.

முதுகுப்பைக்கு இத்தனை பாடு தேவையில்லை. உட்பூச்சு உதிரத் தொடங்கினால் கனமான பாலிதீன் பையை உள்ளே விரித்துப் பொருளை அதற்குள் வையுங்கள்.

ஜாக்கெட்டின் உட்புறத்தில் கொப்புளம் கொப்புளமாகச் சவ்வு பிரிந்து நின்றாலோ, சொம்புத் தண்ணீர் சோதனையில் அடியில் சொட்டினாலோ, மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள். போய்விட்டது சவ்வு. அப்படிப் போன இன்னொரு ஜாக்கெட்டின் நல்ல முதுகுத் துணியை வெட்டி, கூடாரம் அடிக்கும்போது முட்டி போட ஒரு விரிப்பாக வைத்திருக்கிறேன்.