சேலத்தில் ஒரு புதிய உணவகம் விற்ற கிறிஸ்துமஸ் பேக்கிங் பெட்டி: வாங்கியவர்களும் வாங்க இருப்பவர்களும் படியுங்கள்

சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் அண்மையில் திறக்கப்பட்ட உணவகங்களில் ஒன்று, கிறிஸ்துமஸை முன்னிட்டு வீட்டிலேயே பிளம் கேக் செய்வதற்கான பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்றை 1,450 ரூபாய்க்கு விற்றது. வெண்ணெய், செர்ரி, ஊறவைத்த உலர்பழங்கள், சாக்லேட், மசாலா, பேக்கிங் பவுடர், செய்முறைத் தாள் ஆகிய அனைத்தும் அதில் இருப்பதாகச் சொன்னார்கள். உள்ளே இருந்தவற்றில் பாதி, சொல்லப்பட்ட பொருளே அல்ல. என் புகார் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் இருப்பதாலும், ஆய்வு முடிவு இன்னும் வராததாலும் உணவகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சிவப்பு அட்டைப் பெட்டி, பொன்னிற நாடா, மூடியில் உணவகத்தின் முத்திரை ஆகியவற்றைக் கொண்டு வாங்கியவர்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பெட்டிக்கும் ஒரு பிளம் கேக்குக்கும் முன்பணம் கட்டியிருந்தோம். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் நாளில் குடும்பமாக ஆறு பேர் அங்கேயே இரவு உணவும் சாப்பிட்டோம். உணவில் பெரிய குறை இல்லை. கிரில் கோழி நன்றாகவே இருந்தது. பில்லில் உணவுக்கு 3,860 ரூபாய், அதன் மேல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 386 ரூபாய், இரண்டையும் கூட்டிய தொகைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என 212 ரூபாய் 30 காசு போட்டிருந்தார்கள். உணவுக்கு மட்டும் கணக்கிட்டால் வரி 193 ரூபாய்தான். சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, அதைச் சேர்த்த தொகைக்கு வரியும் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அவை செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. பரிமாறிய தம்பியிடம் கேட்டபோது, "அக்கா, அது சிஸ்டத்துல தானா வருதுங்க" என்றார். மேலாளரோ மெனுவின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதாகச் சொன்னார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கப் போவதாகச் சொன்னதும், மறுபேச்சில்லாமல் புதிய பில் வந்தது. கேட்பவர்களுக்கு மட்டும் நீக்கிவிட்டு மற்றவர்களிடம் வாங்கிக்கொள்கிறார்கள் என்றால், அது தவறு என்பதை அறிந்தே செய்கிறார்கள் என்றுதான் பொருள். பக்கத்து மேசையில் குழந்தைகளோடு வந்திருந்தவர்கள் அதே தொகையைக் கட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

அடுத்தது பிளம் கேக். முட்டையே சேர்த்துக்கொள்ளாத பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுப்பதற்காக, முட்டை இல்லாத கேக் என்று தெளிவாகச் சொல்லித்தான் 900 ரூபாய்க்கு முன்பதிவு செய்தோம். கைக்கு வந்த அட்டைப் பெட்டியில் பச்சை வட்டமும் இல்லை, அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு நிற முக்கோணமும் இல்லை. செய்த தேதி, மூலப்பொருள் பட்டியல் எதுவும் இல்லை. சந்தேகப்பட்டு மறுநாள் காலையில் தொலைபேசியில் கேட்டபோது, மேலாளர் முட்டை இல்லை என்று உறுதி சொன்னார். சமையலறையில் இருந்து பேசியவரோ, கேக்கை வெளியே ஒரு பேக்கரியில் வாங்குவதாகவும் அதில் என்ன சேர்ப்பார்கள் என்பது தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். ஒரே கடையில் இருவர் இரண்டு விதமாகச் சொல்லும் ஒன்றை, விரதம்போல் ஒழுக்கம் காக்கும் ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது? அவருக்குப் பழங்கள் வாங்கிக் கொடுத்தோம். பணத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது இதுதான். பிறருடைய நம்பிக்கை சம்பந்தப்பட்ட ஒரு கேள்விக்கு, விற்பனை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒருவர் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேக்குக்கு 18 சதவீத வரியும் போட்டிருந்தார்கள். கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. உணவகச் சேவை என்று கணக்கிட்டாலும் 5 சதவீதம்தான். 45 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 162 ரூபாய். பண்டிகைக் காலத்தில் எத்தனை கேக்குகள் விற்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது சிறிய தொகை அல்ல.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். வெண்ணெய் என்று இருந்தது, எண்ணெய்த் தாளில் சுற்றிய, பெயரில்லாத ஒரு மஞ்சள் கட்டி. பகல் முழுவதும் மேசை மேல் இருந்தும் அது குழையவில்லை. விரலால் அழுத்தினால் மெழுகுபோல் பிடித்தது. ஒரு துண்டை வாணலியில் இட்டு உருக்கினேன். வெண்ணெயில் பெரும்பகுதி பால் கொழுப்பாக இருக்க வேண்டும். மீதியில் ஈரமும் பால் திடப்பொருளும் இருக்கும். அதனால்தான் வெண்ணெய் காய்ச்சும்போது நுரைத்துச் சடசடக்கிறது, அடியில் கசண்டு தங்குகிறது. இந்தக் கட்டியோ சத்தமே இல்லாமல் எண்ணெயாக உருகியது, நெய் மணம் வரவில்லை, அடியில் ஒரு துளி கசண்டும் இல்லை. வனஸ்பதியிலும் பேக்கரிகளில் பயன்படுத்தும் ஷார்ட்னிங் என்னும் கெட்டிக் கொழுப்பிலும் ஈரம் கிட்டத்தட்ட இருக்காது என்பதால் அவை இப்படித்தான் உருகும். அது இன்ன கொழுப்பு என்பதை ஆய்வகம் சொல்லட்டும். நெய் காய்ச்சிப் பழகிய எந்த வீட்டிலும் அதை வெண்ணெய் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"இறக்குமதி செய்யப்பட்ட செர்ரி" என்று செய்முறைத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். செர்ரிப் பழத்தில் ஒரே ஒரு கடினமான கொட்டைதான் உண்டு. இதை நறுக்கியபோது உள்ளே தட்டையான சிறு விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நம் காடுகளில் காய்க்கும் களாக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சிவப்பு நிறம் ஏற்றிய சரக்கு அது. பேக்கரிகளில் நெடுங்காலமாகப் பயன்படுவதுதான், அனுமதிக்கப்பட்ட நிறத்தை அளவோடு சேர்த்திருந்தால் அதைச் சாப்பிடுவதில் தவறும் இல்லை. களாக்காயை இறக்குமதிச் செர்ரி என்று எழுதி, அதற்குரிய விலையை வாங்கியதுதான் தவறு. "மூன்று மாதம் திராட்சைச் சாற்றில் ஊறிய உலர்பழங்கள்" என்ற பொட்டலத்தில் பெரும்பகுதி டூட்டி ஃப்ரூட்டி, அதாவது பாகில் இட்ட பப்பாளிக்காய்த் துண்டுகள். கொஞ்சம் உலர்ந்த திராட்சை. சிக்கு வாடை அடித்த முந்திரிக் குருணை. மதுவும் சேர்க்காமல், குளிர்பெட்டியிலும் வைக்காமல் மூன்று மாதம் சாற்றில் கிடந்த பழம் புளித்து நுரைத்திருக்கும் என்பது வீட்டில் கேக் செய்யும் எவருக்கும் தெரியும். சாக்லேட், கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்டு வகையைப்போல் நாக்கில் படிந்தது.

"சேர்வராயன் மலைத் தோட்டத்து மசாலா" என்ற சிறு பொட்டலமும் இருந்தது. எந்தத் தோட்டம், மலையில் எந்த ஊர், யார் பொட்டலமிட்டார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பட்டை தடிப்பாகவும் ஒரே சுருளாகவும் இருந்தது. அது காசியா பட்டை. மெல்லிய தோல்கள் அடுக்கடுக்காகச் சுருண்ட இலவங்கப்பட்டை அல்ல. அந்த மலையில் உள்ள ஏற்காட்டில் காப்பியையும் மிளகையும் பாடுபட்டு விளைவிப்பவர்களின் நற்பெயரை, மலைப்பக்கமே போகாத சரக்கின் மேல் ஒட்டி விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டேன். நல்ல பவுடர் உடனே பொங்கும். இது சில குமிழிகளோடு அடங்கிவிட்டது. பிள்ளைகள் ஆசையாகக் கலந்து வைத்த மாவு ஓவனில் எழும்பவே இல்லை. பின்னர் அதே செய்முறையில், அதே ஓவனில், ஆவின் வெண்ணெயும் லீ பஜாரில் வாங்கிய உலர்பழங்களும் புதிய பேக்கிங் பவுடரும் சேர்த்துச் செய்த கேக் நன்றாக வந்தது. அவ்வளவு பொருளுக்கும் பெட்டியின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, உணவுப் பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். பில்லை நீட்டினேன். அப்போதுதான் இந்த வியாபாரத்தின் உள்வழி எனக்கு விளங்கியது. உணவுக்கும் கேக்குக்கும் அச்சிட்ட பில் தந்தவர்கள், பெட்டிக்கு மட்டும் கையால் எழுதிய துண்டுச் சீட்டைத் தந்திருந்தார்கள். அதில் "கிஃப்ட் பாக்ஸ் 1" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வெண்ணெய் என்றோ செர்ரி என்றோ எழுதப்படவில்லை. உணவு என்றுகூட எழுதப்படவில்லை. உணவு விற்பவர்கள் தரும் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். சீட்டில் அந்த எண் இல்லை. தமிழ்நாட்டுக்குரிய 33 என்று தொடங்கும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்கும் எந்த உணவிலும் மூலப்பொருள்கள், நிகர எடை, பொட்டலமிட்டவரின் முகவரி, தொகுதி (பேட்ச்) எண், தேதி, உரிம எண் ஆகியவை அச்சிடப்பட வேண்டும். பெட்டியில் இருந்ததோ உணவகத்தின் முத்திரை மட்டுமே. எழுதாமல் விட்டவை எல்லாம், பிறகு கேட்டால் "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பதற்காக விடப்பட்டவை.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணான 94440 42322-க்குப் படங்களோடு புகார் அனுப்பி, மாவட்டத்தில் அத்துறைக்குத் தலைமை வகிக்கும் நியமன அலுவலரிடம் எழுத்திலும் கொடுத்தேன். அங்கே தெரிந்துகொண்ட ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாம் பிரித்துப் பயன்படுத்திய பொட்டலத்தை வைத்து அவர்களால் வழக்குத் தொடுக்க முடியாது. கடையில் விற்பனைக்கு இருக்கும் சரக்கிலிருந்து அலுவலரே மாதிரி எடுத்து, அதை நான்கு பகுதிகளாக்கி முத்திரையிட வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி வாங்குபவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சொல்லலாம். ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும் நேரத்திலேயே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். ஆகவே பண்டிகை முடியட்டும் என்று காத்திருந்தால் சரக்கு தீர்ந்துவிடும், சான்றும் போய்விடும். நல்லவேளையாக அலுவலர்கள் சென்றபோது சில பெட்டிகள் மீதம் இருந்தன. அவற்றிலிருந்து எடுத்த மாதிரிகள் சேலத்திலேயே உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போயிருக்கின்றன. மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். தவறான பெயரில் விற்றது உறுதியானால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

அந்த அபராதம் அரசுக்குப் போகும். நம் பணம் திரும்ப வர மாவட்ட நுகர்வோர் ஆணையத்தைத்தான் அணுக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. முன்பணம் கட்டிய யு.பி.ஐ. பதிவு, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய விளம்பரம், செய்முறைத் தாள் மூன்றையும் நான் இணைத்திருக்கிறேன். துண்டுச் சீட்டில் எழுதாமல் விட்டதை எல்லாம் அந்த விளம்பரத்தில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதே பெட்டியை வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பிரிக்க வேண்டாம். பிரித்தவர்களும் தாளையும் சீட்டையும் எறிந்துவிடாமல், மீதமுள்ள பொருளைப் படமெடுத்து நியமன அலுவலர் அலுவலகத்தில் கொடுங்கள். தனித்தனியாக வரும் புகார்களையும் இதே கோப்பில் சேர்த்துக்கொள்வதாக அங்கே கூறியிருக்கிறார்கள்.