மாதுளை முத்தாய்ச் சிவந்த கல்செடிகள்

கூழாங்கல் போலவே தோன்றும் சிறு செடியான லித்தாப்ஸில் இரண்டு இனங்கள்: ஆப்டிகா ‘ரூப்ரா’ 50 விதை, லெஸ்லியை ‘அல்பினிகா’ 50 விதை. இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். மூச்சுக் காற்று பட்டாலே பறந்துவிடும் அளவு சிறியவை. மடித்த காகிதத்தில் ஒன்றும் சிந்தாமல் வந்தன.

சலித்த ஆற்று மணலில் பியூமிஸ் என்னும் துளை நிறைந்த எரிமலைக் கல் கலந்து, மேலாகத் தூவி, மூடாமல், தட்டில் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டேன். மார்கழிக் குளிரில் ஆறாம் நாளே முளைவிட்டன. ரூப்ராவில் 38! நமீபியக் கடலோரத்தில் சாம்பல் நிறத்தில் வளரும் இனத்தின் சிவப்பு வடிவம் இது. குண்டூசித் தலையளவு நாற்றுகள் மாதுளை முத்தாய்ச் சிவந்தபோது, அம்மாவை மாடிக்கு அழைத்துக் காட்டினேன். ஒன்றுகூட நிறம் மாறவில்லை.

அல்பினிகாவில்தான் ஏமாற்றம். 22 முளைத்தன, முதல் இலை மாறியதும் 9 நாற்றுகள் பழுப்பாகிவிட்டன. பழுப்பு லெஸ்லியையின் வழக்கமான நிறம். அல்பினிகா மஞ்சள்பச்சையாக, வெள்ளைப் பூவோடு இருக்க வேண்டும். லித்தாப்ஸ் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. இரண்டு அல்பினிகாக்களைத் தனியே வைத்து இணைக்காமல் விட்டால், தேனீ பக்கத்துத் தொட்டியின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். கடைக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

ரூப்ராவை அங்கேயே மறுபடி வாங்குவேன். அல்பினிகாவைத் தாய்ச்செடிகளின் படம் காட்டுபவரிடம் மட்டும்.