கேரித் தீவுல ஆறு வருஷம் பிஎல்சி: என் அனுபவம்

நான் மலேசியாவுல தமிழ்ப் பள்ளி ஆசிரியர். வீடு சிலாங்கூர் பந்திங்ல, பள்ளிக்கூடம் பக்கத்துல கேரித் தீவுல. தீவுன்னதும் போட்டுல போறேன்னு நினைச்சுடாதீங்க, லங்காட் ஆத்து மேல பாலம் இருக்கு, தாண்டிட்டா கண்ணுக்கெட்டுன வரைக்கும் செம்பனைதான். 2019ல மாத்தலாகி வந்ததுல இருந்து பிஎல்சி, அதாவது ஆசிரியருங்க ஒண்ணா சேந்து ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்குற குழு, பண்றோம்.

அரசாங்க ஊழியர்னா வருஷத்துக்கு இவ்வளவுன்னு பயிற்சி எடுத்தாகணும், ஆசிரியருக்கும் அதே கணக்குதான். ஒருத்தர் ஓட்டல்ல ரெண்டு நாள் கோர்ஸ் கேட்டுட்டு வருவாரு, லாடாப்ல, அதாவது பள்ளிக்குள்ளயே நடக்குற பயிற்சியில, ஒரு மணி நேரத்துல நமக்கு ஓதுவாரு, அதுக்குள்ள அவருக்கே பாதி மறந்திருக்கும். இதுக்கு நடுவுல எனக்கு உருப்படியா அமைஞ்சது பிஎல்சியில வர்ற லெசன் ஸ்டடி மட்டுந்தான். ஜப்பான் வாத்தியாருங்க வழக்கம் அது. நாலு பேரு சேந்து ஒரு பாடத்தைத் தயார் பண்ணணும், ஒருத்தர் நடத்தணும், மத்தவங்க பின்னாடி உக்காந்து டீச்சரைப் பாக்காம பிள்ளைங்களைப் பாக்கணும், அப்புறம் திருத்தி இன்னொரு வகுப்புல நடத்தணும்.

முதல் வருஷம் நாங்க பண்ணது பூரா போட்டோவுக்குத்தான், பேனர் புடிச்சு நின்னு ஓபிஆர்னு ஒரு பக்க அறிக்கை போட்டு முடிச்சோம். பாக்க வந்தவங்க "குரல் தெளிவா இருக்கு"ன்னு எழுதுனாங்க, நானும் மத்தவங்களுக்கு அதையேதான் எழுதிக் குடுத்தேன், பொய் சொல்லல.

கோவிட் முடிஞ்சு 2022ல மூணாம் ஆண்டுக்குப் பின்னம் எடுத்தேன். அந்த வகுப்புல ஒரு மா மெரி பையன், இந்தத் தீவோட பூர்வகுடி. வீட்டுல அவங்க மொழி பெசிசி, கம்போங்ல, அதாவது கிராமத்துல, மலாய், பள்ளியில தமிழ். நான் போர்டுல ஒரு பீட்சா வரைஞ்சு எட்டாப் பிரிச்சுக் கேள்வி கேட்டேன், அவன் பென்சிலையே தொடல. வழக்கம்போல இவனுக்குப் புரியலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த டீச்சர் நோட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா? "துண்டெல்லாம் ஒரே அளவு இல்லையேன்னு பக்கத்துப் பையன்கிட்ட கேக்குறான்." போர்டைத் திரும்பிப் பாத்தா அவன் சொன்னது சரி, நான் வரைஞ்சதுல ஒரு துண்டு இன்னொன்னைவிட ரெண்டு மடங்கு இருந்துச்சு!

அப்புறந்தான் விசாரிச்சோம். அவன் பாட்டி பண்டான் பாய் பின்றவங்க. இலையை முள்ளெடுத்து, பல்லு வச்ச ஜங்கான்னு ஒரு கருவியால ஒரே அகலமாக் கீறணும், ஒரு கீத்து அகலமாப் போனாலும் பாய் கோணிக்கும். அதப் பாத்து வளந்த பையனுக்கு என் பீட்சா எப்படி சரியாப் படும்?

எங்களது 150 பேருக்குக் கீழ உள்ள சின்னப் பள்ளி, ஆண்டுக்கு ஒரே வகுப்பு, அதனால ரெண்டாவது தடவை பக்கத்துப் பள்ளியில நடத்தினோம். அந்தப் பாட்டியை, எங்களுக்கு அவங்க மாக்சிக் (மலாய்ல அத்தை மாதிரி), கூப்பிட்டோம், பண்டான் கீத்து கொண்டு வந்தாங்க, பீட்சாவை விட்டுட்டு அதை வச்சே பாடம். கம்போங் பிள்ளைங்கள விட தோட்டத்து லயத்துப் பிள்ளைங்களுக்குத்தான் குஷி, செம்பனை ஓலையில வெளக்கமாறு கட்டத் தெரிஞ்சதுங்கதானே. வந்துபோன மாக்சிக்குக்குப் பெட்ரோல் காசு குடுக்க எந்தக் கணக்குலயும் இடமில்ல, எங்க பையில இருந்துதான் போச்சு.

குறைகளும் இருக்கு. பாக்கப் போற டீச்சரோட வகுப்பை யாராவது கவனிக்கணும், ஆள் கிடைக்காது. ஸ்கூல் முடிஞ்சு பேசலாம்னா வேன் கிளம்பிடும். ஒரு தடவை ஹரி மோயாங் அன்னைக்கே தேதி வச்சுத் தொலைச்சோம், மா மெரிக்காரங்க முன்னோருக்குப் படையல் போடுற நாளு, பையன் எப்படி வருவான்? இப்பெல்லாம் தைப்பூசம், தீபாவளியோட அந்தக் கம்போங் நாளையும் ஆண்டு ஆரம்பத்துலயே காலண்டர்ல சுழிச்சு வச்சிடுறோம்.

என்கூட ஆரம்பிச்ச நாலு பேருல ரெண்டு பேரு மாத்தலாகிப் போயிட்டாங்க. அவங்க எழுதுன நோட்டு இன்னும் எங்க அலமாரியிலதான் இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு ஸ்லைடு காட்டுறதில்ல, முதல்ல அந்தப் பீட்சா பக்கத்தைத்தான் படிக்கக் குடுப்பேன். அடுத்த மாசம் நாலாம் ஆண்டுக்குச் சுற்றளவு, முழுப் பாய் ஒண்ணு கொண்டு வர்றேன்னு மாக்சிக் சொல்லியிருக்காங்க.