செமஸ்டர் கடைசியில் கிறிஸ்துமஸுக்குப் பினாங்கு: இ.டி.எஸ். ரயிலும் ஃபெரியும் எப்படி?

கோலாலம்பூரில் ஒரு செமஸ்டர் படிக்க வந்துவிட்டு, டிசம்பர் கடைசியில் ஊருக்கும் போக முடியாமல் அறையிலும் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். என்கிற மின்சார விரைவு ரயில் ஏறி, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் இறங்குங்கள், அங்கிருந்து ஃபெரி, அந்தக் கரையில் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுன். கிறிஸ்துமஸுக்கு எங்கே போகலாம் என்று யோசிப்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம், இதில் போங்கள்.

முதலில் நம் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள்தான் பொது விடுமுறை. எங்களுக்கு வகுப்புகள் டிசம்பர் நடுவில் முடிந்தன, தேர்வு ஜனவரி முதல் வாரம், இடைப்பட்ட நாட்கள் படிப்பதற்கு. சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம்தான், ஆனால் அந்த வாரத்து டிக்கெட் விலையைப் பார்த்ததும் அப்பாவிடம் கேட்கவே மனசு வரவில்லை. உள்ளூர் மாணவர்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். விடுதியில் மிஞ்சுவது நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மட்டும். ரைஸ் குக்கரை யாருக்கு விற்பது, அறை முன்பணத்தை எப்போது திருப்பித் தருவார்கள், பெட்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று இதே பேச்சுதான் நாள் முழுக்க. நான் பாளையங்கோட்டைக்காரி. எனக்கு டிசம்பர் என்றால் கேரல் ரவுண்ட்ஸ், வீட்டு வாசலில் நட்சத்திரம், விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து அம்மாவோடு போகிற அருணோதய ஆராதனை. புக்கிட் பிந்தாங் மால்களில் கூரையைத் தொடுகிற அளவுக்கு மரம் வைத்திருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது. நான் தேடியது தமிழில் பாடுகிற நாலு பேரை.

கோலாலம்பூரிலும் அது இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. புடுவில் புனித அந்தோணியார் ஆலயம், பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ் மெதடிஸ்ட் சபை. வெளியூர் போக முடியாதவர்கள் தாராளமாக அங்கே போகலாம். எனக்கு வகுப்புத் தோழி ஒருத்தி பினாங்குக்காரி, "அம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க, வா" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது.

ஏன் பஸ் வேண்டாம் என்கிறேன்? தீபாவளி சமயத்தில் வடக்கே பஸ்ஸில் போயிருந்தேன், எந்த பஸ் என்பது வேண்டாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கு வெகு முன்னாலேயே வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று ஓட்டுநருக்கே தெரியவில்லை, மடியில் விரித்த நோட்டில் ஒரு வரி படிக்க முடியவில்லை. ஆண்டு இறுதி விடுமுறையிலும் அந்தச் சாலை அப்படித்தான் இருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு பகலை அப்படிப் பறிகொடுக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

ரயிலில் அந்தக் கவலை இல்லை. கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். கட்டணம் ரயிலைப் பொறுத்து ஏறக்குறைய 60லிருந்து 80 ரிங்கிட். நிற்கிற ஊர்கள் குறைந்தால் விலை கூடுகிறது. என்னைக் கேட்டால் விலை குறைந்ததே போதும், சில நிமிடங்களை மிச்சப்படுத்தி நாம் என்ன செய்யப் போகிறோம்? இருக்கை எண் டிக்கெட்டிலேயே இருக்கும், பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, முன்னால் மடக்கு மேசை. லேப்டாப்பைத் திறந்து வைத்தேன், ஈப்போ வருவதற்குள் ஒரு பாடத்தின் குறிப்புகளை முழுசாகத் திருப்பிப் பார்த்து முடித்துவிட்டேன். விடுதியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அந்த வாரத்தில் எனக்கு அவ்வளவு ஓடவில்லை. போன் அடிக்கவில்லை, பெட்டி கட்டவில்லை, யாரும் வழியனுப்ப வரச்சொல்லிக் கதவைத் தட்டவில்லை. படிப்புக்கு இந்த ரயில் எவ்வளவு நல்லது என்பதை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஈப்போவுக்கு அப்புறம் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஈப்போவைச் சுற்றியே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நிற்கும், பச்சைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பாறை தெரியும். கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் சுரங்கப்பாதை, கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். இருட்டிலிருந்து வெளியே வந்தால் தைப்பிங். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் இந்தத் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான் போட்டார்கள். அதற்குப் பின் வந்த பாதைகளில் தண்டவாளம் பதித்த கூலிகளில், ஸ்டேஷன்களில் கணக்கு எழுதியவர்களில் எத்தனை தமிழர்கள்! நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் ஒருபுறம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒருபுறம். நாம் ரயில் ஏறுகிற பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியே ரயில்வே ஊழியர் குடியிருப்புகளைச் சுற்றி வளர்ந்ததுதான், கே.எல். சென்ட்ரல் நிற்பது பழைய ரயில்வே யார்டு இருந்த இடத்தில். மூன்று நாலு மாதம் தங்கிப் படித்துவிட்டுப் போகிற எனக்கு, இந்த ஊரில் நம் ஆட்களின் உழைப்பின் மேல் உட்கார்ந்து போகிறோம் என்ற நினைப்பு தொண்டையை அடைத்தது.

தைப்பிங் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் புக்கிட் மேரா ஏரியின் மேலேயே போகும். இரண்டு பக்கமும் தண்ணீர்தான். இந்த இடத்தில் மட்டும் யார் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள். அதற்கப்புறம் பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கம் வயல்கள், தாமிரபரணிக் கால்வாய் ஓரத்து ஊர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வயல்களைத் தாண்டிப் போக மனசு வராது.

கஃபே பெட்டி இருக்கிறது, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் சூடான தேநீரும் கிடைக்கும். பசிக்கு ஆகும், அவ்வளவுதான், நான் அதற்காகப் பயணத்தைப் புகழ மாட்டேன். கே.எல். சென்ட்ரலுக்கு வெளியே நடந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ், அங்கே தோசையோ இட்லியோ தாப்பாவ் (இங்கே பார்சலுக்கு அதுதான் பெயர்) கட்டிக்கொண்டு ஏறுவது மேல். இருக்கைகளில் பாதி ரயில் போகிற திசைக்கு எதிராகப் போடப்பட்டிருக்கும், தலைசுற்றல் உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெட்டிக்குள் நல்ல குளிர், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

பட்டர்வொர்த் ஸ்டேஷனில் இறங்கினால் டாக்ஸி எதுவும் வேண்டாம். பக்கத்திலேயே உள்ள பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து மையத்தின் வழியாக நடந்தே ஃபெரி துறைக்குப் போய்விடலாம், பெட்டியை உருட்டிக்கொண்டு போனாலும் சிரமமில்லை. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போக 2 ரிங்கிட், வங்கி கார்டு அல்லது டச் அண்ட் கோ என்கிற பணம் ஏற்றிய கார்டு. திரும்பி வரும்போது அதுவும் கிடையாது. 2023 ஆகஸ்டில் இருந்து புதுப் படகுகள் ஓடுகின்றன, அதற்கு முன்பு கார்களையும் ஏற்றிக்கொண்டு போன பெரிய ஃபெரிகளைப் பற்றித் தோழியின் அப்பா ஆசை ஆசையாகப் பேசுகிறார், அவர் இளம் வயதில் வேலைக்குத் தினமும் அதில்தான் போய் வந்தாராம். எனக்குப் பழசு தெரியாது, புதுசே பிடித்திருக்கிறது. கால் மணி நேரத்தில் அந்தக் கரை வந்துவிடும். உள்ளே உட்காராமல் ஓரத்தில் நின்று பாருங்கள், தீவின் கட்டடங்களுக்குப் பின்னால் மலை எழும்பி வரும்.

துறையில் இறங்கி லிட்டில் இந்தியாவுக்கு நடக்கிற தூரம்தான். பூக்கடை, பாத்திரக்கடை, வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு ஓடுகிற கடைகள், எல்லாரும் தமிழ். மகாமாரியம்மன் கோயில் பக்கத்துத் தெருவில். வேட்டி விற்கிற கடையில் பேச்சைக் கேட்டதும் "திருநெல்வேலியாம்மா?" என்றார் ஒரு பெரியவர். அவருடைய தாத்தா கடையநல்லூராம். பினாங்கில் கடையநல்லூர்க்காரர்கள் நிறைய என்று கேள்விப்பட்டதுண்டு, ஆனால் எங்கள் பக்கத்து ஊரின் பெயரைக் கடல் தாண்டிக் கேட்டது வேறு சந்தோஷம்.

இருபத்துநாலாம் தேதி இரவு பினாங்கு ரோட்டில் புனித சவேரியார் ஆலயம். தமிழ்க் கத்தோலிக்கர்களின் கோயில் அது. நான் சி.எஸ்.ஐ., வழிபாட்டு முறை வேறு, எழுந்து நிற்பதும் மண்டியிடுவதும் தோழியைப் பார்த்துப் பார்த்துத்தான். ஆனால் தமிழில் பாட்டு ஆரம்பித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பக்கத்தில் நின்ற தோழியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, அக்கம்பக்கத்துச் சீனர்கள், மலாய்க்காரர்கள், தோழியின் அப்பாவின் பழைய வேலை நண்பர்கள் என்று சாயங்காலம் வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அச்சு முறுக்கு, நெய் உருண்டை, கோழிக் குழம்பு. வந்தவர்களுக்கெல்லாம் என்னை "எங்க வீட்டுப் பிள்ளை" என்றே சொன்னார் அத்தை. நேரம் கிடைத்தால் லெபோ ஃபார்குவாரில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தையும் பாருங்கள். 1818இல் கைதிகளின் உழைப்பில் எழுந்த ஆங்கிலிக்கன் கோயில், வெள்ளைத் தூண்கள், முன்னால் புல்வெளி.

டிக்கெட் விஷயம் முக்கியம். கிறிஸ்துமஸ் வார ரயில்கள் சீக்கிரம் நிறைந்துவிடும், வகுப்பு முடிகிற தேதி தெரிந்த அன்றே மலேசிய ரயில் நிறுவனமான கே.டி.எம். செயலியில் போகவும் வரவும் சேர்த்து எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் எண் கேட்கும். நம்மில் பலருடைய பாஸ்போர்ட் விசா வேலைக்காகப் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்கும், எண்ணைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் நேரத்துக்கு ஓடிவந்து ஏறுகிற ரயில் இல்லை இது, முன்கூட்டியே கேட்டை மூடிவிடுவார்கள், அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். திரும்புவதற்கு இருபத்தாறாம் தேதி பிற்பகல் ரயிலைப் பாருங்கள். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாக ஃபெரி ஏறலாம், விடுதிக்கு வந்து சேரும்போது ராத்திரிதான் ஆகும், மறுநாள் காலையிலிருந்து தேர்வுக்கு உட்கார்ந்துவிடலாம்.