சார்மினார்: 25 ரூபாய்க்கு ஒரு நகரத்தின் வரைபடம்

ஹைதராபாத்துக்குப் போய்வந்தவர்களிடம் சார்மினாரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தாம் கிடைக்கின்றன. ஒரு சாரார் படத்தில் பார்த்ததுபோலவே இருந்தது என்பார்கள். மறு சாரார் கூட்டமும் வெயிலும் தாங்கவில்லை, கீழேயே நின்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு வளையல் கடைக்குப் போய்விட்டோம் என்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தார் இழந்தது அதிகம். கட்டணம் 25 ரூபாய்தான் என்பதற்காகச் சொல்லவில்லை. மேலே ஏறி நான்கு பக்கமும் ஒருமுறை பார்க்காதவரை அந்தக் கட்டடம் ஏன் அந்த இடத்தில், அந்த வடிவத்தில் நிற்கிறது என்பது பிடிபடாது.

கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி மரபின் ஐந்தாம் சுல்தான் முகமது குலி குதுப் ஷா, கோட்டைக்குள் நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் பெருகிய நிலையில், மூசி ஆற்றின் தென்கரையில் புதிய நகரம் ஒன்றை அமைக்க முற்பட்டார். 1591இல் சார்மினார் எழுந்தது. திட்டத்தை வகுத்தவராக அறியப்படுபவர் ஈரானிலிருந்து வந்து அரசின் தலைமை அமைச்சராக இருந்த மீர் மோமின் அஸ்தராபாதி. கோல்கொண்டாவையும் கிழக்குக் கடற்கரையில் உள்ள மசூலிப்பட்டினத் துறைமுகத்தையும் இணைத்த வணிகப் பாதை இப்பகுதி வழியாகத்தான் சென்றது. நேர்கோட்டில் ஓடும் இரண்டு பெருந்தெருக்கள், அவை வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி, அந்தச் சந்தியில் நான்கு திசையையும் பார்த்து நான்கு வாசல் என்பதே நகரத்தின் மூல வரைவு. அரண்மனையோ கோட்டையோ நகரத்தின் நடுவில் வரவில்லை, சந்திதான் வந்தது. அரண்மனைக்கு ஒதுக்கப்பட்ட இடம் சற்றே தள்ளி, மேற்கே.

கட்டியதற்கான காரணமாக வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வது கொள்ளைநோய்க் கதை: நோய் நீங்கியதற்கு நன்றியாகச் சுல்தான் எழுப்பிய நினைவுச்சின்னம் என்பார்கள். ஹிஜ்ரி 1000ஆம் ஆண்டு தொடங்கியதும் 1591இல்தான் என்பதால், இஸ்லாமிய நாட்காட்டியின் இரண்டாம் ஆயிரமாண்டைக் குறிக்கவே இது எழுந்தது என்ற கருத்தும் வலுவாக உள்ளது. பாக்மதி என்ற பெண்ணின் மீது சுல்தான் கொண்ட காதலையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். வரலாற்றாசிரியர்கள் அதில் ஒருமித்த கருத்து உடையவர்கள் அல்லர். வழிகாட்டி மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே உறுதியுடன் சொன்னால் ரசித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எந்த வழியாக வந்து சேர்கிறோம் என்பது இந்த இடத்தைப் பொறுத்தவரை முக்கியம். மகாத்மா காந்தி பேருந்து நிலைய மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் நெரிசலில் ஊர்ந்து வந்து சேரலாம். நடக்க முடிந்தவர்கள் மதீனா சந்திப்பிலிருந்து பத்தர்கட்டி வழியாகத் தெற்கு நோக்கி நடந்து வருவதே நல்லது. 1908ஆம் ஆண்டின் மூசி வெள்ளத்துக்குப் பிறகு, 1912இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு வாரியம் அந்தச் சாலையின் இருபுறமும் கருங்கல் வளைவுகளோடு ஒரே சீரான கடைவரிசையை எழுப்பியது. முத்துக் கடைகளும் துணிக்கடைகளும் அந்த வளைவுகளுக்குள் இன்றும் இயங்குகின்றன. அதைத் தாண்டினால் மச்லி கமான் என்னும் பழைய வளைவு வருகிறது. அதனூடே பார்க்கும்போது சார்மினார் சட்டமிட்ட ஓவியம்போல் தெரியும். அடுத்து குல்சார் ஹவுஸ் என்னும் சிறிய நீரூற்று. அதைச் சுற்றி நான்கு திசைகளில் நான்கு வளைவுகள் நிற்பதால்தான் அப்பகுதிக்குச் சார் கமான் என்று பெயர். ஆட்டோவில் வருபவர்களுக்கு இந்த முன்னுரை கிடைப்பதில்லை.

இனிக் கட்டடம். நான்கு மினார்களும் தரையிலிருந்து சுமார் 56 மீட்டர் உயரம். இடையே ஒவ்வொன்றும் சுமார் 11 மீட்டர் அகலமுள்ள நான்கு பெரிய வளைவுகள். தூரத்திலிருந்து பார்க்கும்போது கல்லைச் செதுக்கிய வேலை என்றே தோன்றும். நெருங்கிப் போனால்தான் மேற்பரப்பு முழுவதும் சுண்ணாம்புக் காரையில் செய்த சுதை வேலைப்பாடு என்பது தெரிகிறது. உள்ளே கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். வெளியே இலை, பூ, கொடி, மாடத்தின் கைப்பிடிச் சுவர், மினாரைச் சுற்றி வளையம் வளையமாக ஓடும் அணிகள் என எல்லாமே கைவிரலும் கரண்டியும் இழைத்தவை. நம்மூர்க் கோபுரங்களின் சுதைச் சிற்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பொருள் புதிதல்ல. ஆனால் இங்கே மனித உருவமோ தெய்வ உருவமோ இல்லாமல் வடிவியலும் கொடியும் மட்டுமே ஆள்கின்றன. விதிவிலக்காக ஒரு வளைவின் அணிகளுக்கிடையே சின்னஞ்சிறு பூனைத் தலை ஒன்று உண்டு. கொள்ளைநோயைப் பரப்பிய எலிகளை விரட்டியதற்காகப் பூனைக்குச் செய்த மரியாதை என்று ஊரார் சொல்வார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்துவிட்டால் பெரியவர்களுக்குக் கால்மணி நேரம் நிம்மதி.

சுதையின் அழகுக்கு ஒரு விலையும் உண்டு. மழை ஊறினாலும் வண்டிப் புகை படிந்தாலும் காரை பலமிழக்கும். 2019 மே மாதம் ஒரு மினாரின் சுதை அலங்காரத்தில் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. அதிர்ஷ்டவசமாக யாருக்கும் காயமில்லை. பிறகு சுண்ணாம்புக் கலவையைக் கொண்டே அதைச் சீரமைத்தார்கள். கட்டடத்தைச் சுற்றி வண்டிகள் வராமல் தடுக்கும் திட்டம் நெடுங்காலமாக இழுபட்டு ஒருவழியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இப்போது கல் பாவிய தரையில் நின்று நிமிர்ந்து பார்க்க முடிகிறது என்பதே பெரிய முன்னேற்றம். ஆனால் வண்டிகள் போன இடத்தில் தள்ளுவண்டிகளும் தரைக்கடைகளும் வந்துவிட்டதால், நல்லதொரு கோணத்தில் படம் எடுக்க நினைப்பவர்கள் பொறுமையோடுதான் நிற்க வேண்டும்.

மேலே ஏறும் படிக்கட்டு மினாரின் உள்ளேயே சுழன்று செல்கிறது. உச்சிவரை 149 படிகள் என்பார்கள். பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது முதல் மாடிவரைதான். அந்தக் குறைந்த தூரமே போதுமான சோதனை. படி ஒவ்வொன்றும் உயரம் அதிகம், அகலம் குறைவு. பல தலைமுறைக் கால்கள் பட்டு நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது. வெளிச்சம் சிறு துளைகள் வழியாக மட்டுமே வருவதால் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் கண் பழகச் சற்று நேரம் ஆகும். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும், மூடிய குறுகலான இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்பவர்களும், கைக்குழந்தையோடு வருபவர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது. சேலை கட்டியவர்கள் கொசுவத்தை ஒரு கையிலும் சுவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்க்கலாம்; கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டால் ஒரு கை மிச்சம்.

மேலே வந்ததும் நான்கு வளைவுகளின் தலைமாட்டில், திறந்த மாடத்தில் நிற்கிறோம். வடக்கே பார்த்தால் நடந்து வந்த தெரு. சார் கமானின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நிற்கின்றன. தெற்கே ஷா அலி பண்டா நோக்கிப் போகும் சாலையும், அதன் ஓரத்தில் மக்கா மசூதியின் பரந்த முற்றமும். மேற்கே வளையல் கடைத்தெருவான லாட் பஜார். கிழக்கேயும் அதே அகலத்தில் ஒரு தெரு. கீழே நிற்கும்போது வெறும் நெரிசலாகத் தெரிந்தது, மேலிருந்து பார்க்கும்போது நூல் பிடித்து வரைந்த கோடுகளாக விரிகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடைகள் மாறின, அரசுகள் மாறின, 1687இல் முகலாயர் வந்தனர், அவர்களுக்குப் பின் நிஜாம்கள் வந்தனர். தெருக்களின் திசை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் தெருவை நோக்கி இருக்கும் கடிகாரங்கள் 1889இல், ஆறாம் நிஜாமின் காலத்தில் பொருத்தப்பட்டவை. நாற்சந்தியில் நிற்கும் கட்டடத்துக்கு ஊருக்கு மணி சொல்லும் வேலையைக் கொடுத்தது பொருத்தமான யோசனை என்றே எனக்குப் படுகிறது.

உச்சி மாடியின் மேற்குப் பகுதியில் ஒரு சிறிய மசூதி இருக்கிறது. அங்கே பொதுமக்களுக்கு அனுமதியில்லை. கீழே தென்கிழக்கு மினாரை ஒட்டிப் பாக்கியலட்சுமி கோயில் இருக்கிறது. தீபாவளி நாட்களில் அங்கே நீண்ட வரிசை நிற்கும். அரசியல் காரணங்களால் அந்த மூலையில் காவல் எப்போதும் சற்றுக் கூடுதல்.

குறை சொல்வதானால் இரண்டைச் சொல்வேன். முதலாவது, மாடத்துச் சுவர்களில் கீறப்பட்ட பெயர்கள். இதயத்துக்குள் அம்பு விட்டு, தேதியும் போட்டு, ஊர்ப் பெயரும் எழுதி வைத்த சுவர்களில் தமிழ் எழுத்துகளும் இருந்தன என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். இரண்டாவது, கட்டடத்தின் உள்ளே கிடைக்கும் விளக்கம் மிகக் குறைவு. எதைப் பார்க்க வேண்டும் என்று முன்பே படித்துவிட்டுச் செல்லாதவர்கள் பத்தே நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். பலர் அப்படித்தான் இறங்கினார்கள்.

இறங்கியபின் லாட் பஜார். ஹைதராபாத்தின் அரக்கு வளையல்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சில கடைகளின் வாசலிலேயே வேலை நடக்கும்: அரக்கை நெருப்பில் காட்டி இளக்கி, வளையமாக உருட்டி, சூடு ஆறுவதற்குள் சிறு கற்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பதிக்கிறார்கள். அதை நின்று பார்த்தபின் விலை பேசுவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பேசியே ஆக வேண்டும், முதலில் சொல்லும் விலை பேரத்துக்கு இடம் வைத்தே சொல்லப்படுவது. முத்து வாங்குவதானால் தெருவில் கையில் மாலையோடு வருபவர்களைத் தவிர்த்து, ரசீது தரும் கடைக்குள் செல்லுங்கள். அலைந்து களைத்தவர்களுக்குச் சார்மினாரின் நிழலிலேயே இருக்கும் நிம்ரா தேநீர்க்கடையின் இரானி தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும் உண்டு. தேநீர் கெட்டியாக, இனிப்பு தூக்கலாக இருக்கும். பிஸ்கட்டில் இனிப்போடு மெல்லிய உப்பும் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும்.

மக்கா மசூதியை விட்டுவிட வேண்டாம். குதுப் ஷாஹிகள் தொடங்கிய அந்தப் பணி 1694இல் ஔரங்கசீப் காலத்தில்தான் முடிந்தது. சார்மினாரின் நளினத்துக்குப் பக்கத்தில் அந்தக் கருங்கல் பருமை வேறு வகையான அனுபவம். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பெருங்கூட்டம் கூடும் என்பதால் சுற்றிப் பார்க்க வருபவர்கள் வேறு நாளையோ வேறு நேரத்தையோ தேர்ந்துகொள்ளலாம்.

சார்மினாரில் ஏறுவதற்கான நேரம் காலை 9.30 முதல் மாலை 5.30 வரை. திறந்தவுடன் சென்றால் படிக்கட்டில் எதிரே ஆள் வரமாட்டார்கள். சென்னைப் பக்கத்திலிருந்து இரவு முழுக்க ஓடி வரும் சார்மினார் எக்ஸ்பிரஸில் வருபவர்கள் அறைக்குப் போய்க் குளித்துவிட்டு நேரே இங்கே வர அது வசதியான நேரம். மாலை விளக்கொளியில் கட்டடம் மிக அழகாக இருக்கும். அதற்குள் மேலே செல்லும் வழி அடைபட்டிருக்கும் என்பதால், காலையில் ஏறிவிட்டு மாலையில் மீண்டும் வந்து கீழிருந்து பார்ப்பதே சரியான ஏற்பாடு. கட்டணம் இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். இணையத்தில் பதிவு செய்தால் சற்றுக் குறையும். சார்க், பிம்ஸ்டெக் என்னும் வட்டாரக் கூட்டமைப்புகளில் உள்ள நாடுகளின் குடிமக்களுக்கும் இந்தியர்களுக்கான கட்டணமே என்பதால், இலங்கையிலிருந்து வரும் நம் உறவினர்கள் கடவுச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் 25 ரூபாயிலேயே ஏறலாம். மலேசிய, சிங்கப்பூர் உறவினர்கள் 300 ரூபாயை எடுத்து வைக்க வேண்டியதுதான்.