காட்பாடி பக்கம் போதைய விட வைக்கற ஒரு கவுன்சிலிங் சென்டர், நாலு மாசம் போனவனோட ரிவ்யூ

சென்டர் பேர போடல, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க வெயிட்டிங் ஹால்ல உக்காந்துகினு இருக்கறவங்கள்ல முக்காவாசி பேர் உள்ளூர்காரங்க. ரெண்டாவது வாரமே என் கூட டென்த் படிச்சவன் ஒருத்தன் வந்தான், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுவத்துல மாட்டியிருந்த நகைக்கடை காலண்டர படிக்க ஆரம்பிச்சிட்டோம், அவன் அமாவாசை எப்போன்னு பாத்தான் நான் பௌர்ணமி எப்போன்னு பாத்தேன். அதனால இடம் மட்டும் சொல்றேன், காட்பாடியில இருந்து சித்தூர் போற ரோட்டுல ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

நான் யாருன்னா, வேலூர் சத்துவாச்சாரி, 28 வயசு, ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனியில குவாலிட்டி செக்கிங். காலேஜ் ரெண்டாவது வருஷத்துல ஆரம்பிச்சது, எட்டு வருஷம் கஞ்சா. வாரத்துக்கு ஒருவாட்டின்னு இருந்தது லாக்டவுன்ல தெனமும்னு ஆயிடுச்சி. நான் ரவுடி கிடையாது, யார்கிட்டயும் சண்டைக்கு போனதில்ல, வேலைக்கு லீவு போட்டது கூட கம்மி தான். அதனாலயே நமக்கு ஒண்ணும் ஆகலன்னு நெனச்சிகினு இருந்தேன்.

இன்னும் சொல்லணும்னா நான் ரொம்ப நல்லவனா மாறிட்டதா தான் நெனச்சிகினு இருந்தேன். இத கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா சென்டருக்கு போனதே இந்த விஷயத்துக்கு தான். அடிக்கறதுக்கு முன்னாடி நான் சாதாரண பையன், பைக்கு, இன்க்ரிமென்ட், எவன் எவ்ளோ சம்பாதிக்கறான் இதான் யோசனை. அடிக்க ஆரம்பிச்சப்பறம் எல்லாமே பெருசா தெரிஞ்சது, கோட்டை அகழி ஓரமா உக்காந்தா தண்ணி, செவுரு, வெயில், அந்த பக்கம் போற ஜனம் எல்லாம் ஒண்ணுன்னு தோணும், எதுக்குடா இப்டி ஓடறானுங்கன்னு பாவமா இருக்கும், சித்தருங்களே கஞ்சாவுக்கு சிவமூலின்னு பேர் வெச்சாங்க தெரியுமான்னு ஃப்ரெண்டுகிட்ட கிளாஸ் எடுப்பேன். எனக்கு ஆசை கொறஞ்சிடுச்சி, கோவம் கொறஞ்சிடுச்சி, பக்குவம் வந்துடுச்சின்னு நம்பினேன். கொறஞ்சது வேற, அத அப்பறம் சொல்றேன்.

போன சித்திரையில அதே அகழி ஓரத்துல ஒரு சாயங்காலம், போறவன் வர்றவன் எல்லாம் என்ன பத்தியே பேசிகினு போற மாதிரி தோணிச்சி. ஐஸ் வண்டிக்காரர் மணி அடிச்சா அது யாருக்கோ சிக்னல்னு தோணிச்சி. மூணு மணி நேரம், வேர்த்து கொட்டிகினு, எழுந்து வண்டிய எடுக்க தைரியம் இல்ல. ஊருல இருக்கற எல்லா ஜனமும் ஒண்ணுன்னு பேசினவனுக்கு அன்னிக்கு ஒரு ஆள் முகத்த பாக்க முடியல. மறுநாள் அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

அம்மா மொதல்ல சொன்னது, "பாகாயமா? நம்ம வீட்டு புள்ளையா?" எங்க ஊர்ல பாகாயம்னா மனநல ஆஸ்பத்திரின்னு அர்த்தம் ஆயிப்போச்சி, அங்க எத்தனையோ பேர் நல்லாயி வீட்டுக்கு வந்தாங்க, இருந்தாலும் பேர கேட்டாலே பயம். அதனால சொந்தக்காரர் ஒருத்தர் சொன்ன வேற எடத்துக்கு போனோம், ஊருக்கு வெளிய, தங்கி சரி பண்ற மையம். கேட்டுக்கு பூட்டு. மூணு மாச காச முன்னாடியே கட்டுங்க, ஃபோன வாங்கி வெச்சிப்போம், முதல் மாசம் வீட்டுக்காரங்க பாக்க வரக்கூடாதுன்னாங்க. நீங்க 2017 மனநலச் சட்டத்துல பதிவு பண்ணியிருக்கீங்களான்னு அப்பா கேட்டாரு (எங்க கேட்டு வெச்சாரோ தெரியல), சர்டிபிகேட் ஆடிட்டருகிட்ட கீதுன்னாங்க. அப்பா வண்டிய திருப்பிட்டாரு. இந்த மாதிரி எடத்துக்கு போறவங்க அந்த ஒரு கேள்விய மட்டும் கேட்டுடுங்க, பதில் வர்ற வேகத்த வெச்சே தெரிஞ்சிக்கலாம்.

இப்போ ரிவ்யூவுக்கு வரேன். முதல் விசிட் 800, அப்பறம் ஒவ்வொரு வாட்டியும் 500. யூரின் டெஸ்ட் ஸ்ட்ரிப் தனியா 350. நான் போனது 11 தடவ. மொத்தம் கூட்டி பாத்தா நான் ரெண்டு மாசத்துல ஊதி தள்ளின காசு தான் வருது.

ரிசப்ஷன் சுமார் கூட இல்ல, மோசம். அங்க இருக்கற அக்கா முழு பேரையும் சத்தமா கூப்பிட்டு "கஞ்சாவா குடியா?"ன்னு கேட்டாங்க, ஹால்ல பதினஞ்சு பேர். சட்டினி அரைக்கவான்னு கேக்கற மாதிரி ஒரு குரல். கடைசி வரைக்கும் மாறல. 10 மணிக்கு டோக்கன்னா 11:40க்கு உள்ள கூப்புடுவாங்க. சுவத்துல மண்டை ஓடு போட்ட போஸ்டர், அத பாத்து எவனும் திருந்தினதா நான் கேள்விப்படல. பாத்ரூமுக்கு தாழ்ப்பாள் இல்ல, கப்ப ஒரு கையில பிடிச்சிகினு இன்னொரு கையால கதவ இஸ்து பிடிக்கணும், இதுக்கே தனியா டிரெய்னிங் குடுக்கலாம்.

டாக்டர் நல்ல மனுஷன். பயமுறுத்தல, அட்வைஸ் பண்ணல. நான் போன உடனே கேட்டது போலீஸ்ல சொல்லுவீங்களா சார்னு தான். சிரிச்சிட்டு, நான் எதுக்குப்பா சொல்லப்போறேன்னாரு. 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா புகைச்சாலே 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம். ஆனா அதே சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்காம், சின்ன அளவோட மாட்டுனவன் தானா முன்வந்து அரசாங்கமோ அரசு அங்கீகாரம் உள்ள இடமோ போய் சிகிச்சை எடுத்தா கேஸ்ல இருந்து விலக்கு உண்டு, பாதியில ஓடிட்டா விலக்கும் ஓடிடும். எனக்கு இது தேவைப்படல, ஆனா ஜெயிலுக்கு பயந்துகினே டாக்டர்கிட்ட போகாம இருக்கற நாலு பேர எனக்கு தெரியும், அதுக்கு தான் எழுதறேன்.

அப்பறம் கஞ்சா எப்டி வேலை செய்யுதுன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டாரு. அதுல போதை ஏத்தற டிஎச்சிங்கற சரக்க 1964ல இஸ்ரேல்ல பிரிச்சி எடுத்தாங்களாம். அது ஒரு சாவி மாதிரி, மூளையில அதுக்கு பொருந்தற பூட்டு இருக்காம். நம்ம மூளையே அதே பூட்டுக்கு சொந்தமா ஒரு சாவி செஞ்சிகினு இருக்குன்னு 1992ல கண்டுபிடிச்சி அதுக்கு ஆனந்தமைடுன்னு பேர் வெச்சாங்க, ஆனந்தம்ங்கற நம்ம சொல்லுல இருந்து எடுத்தது. ஞாபகம், நேரம் ஓடறது, எது முக்கியம் எது சும்மான்னு முத்திரை குத்தறது, இந்த வேலை நடக்கற எடத்துல எல்லாம் அந்த பூட்டு இருக்காம். வெளிய இருந்து சாவிய போட்டு திருகினா முத்திரை கண்டபடி விழும், டீ கிளாஸ் ஓரத்துல வழியற நுரை கூட வேதாந்தமா தெரியும்னாரு. எனக்கு கொஞ்சம் கோவம் வந்தது. நுரைய பத்தி நான் நெஜமாவே ஒரு தடவ அரைமணி நேரம் பேசியிருக்கேன்.

ஆசையே இல்லாம போறத பத்தியும் கேட்டேன். அமோட்டிவேஷனல் சிண்ட்ரோம்னு 1968லயே பேர் வெச்சிட்டாங்க, ஆனா கஞ்சாவால அப்டி ஆவுதா, ஏற்கனவே சோர்வா இருக்கறவன் கஞ்சா பக்கம் போறானான்னு இன்னும் அடிச்சிகினு தான் இருக்காங்க, உனக்கு எது முன்னாடின்னு உனக்கு தான் தெரியும்னாரு. தெரியாதத தெரியாதுன்னு சொன்ன அந்த எடத்துல தான் எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்தது.

ஒரே ஒரு கேள்விய மட்டும் மூணு தடவ கேட்டாரு, வீட்ல யாருக்காவது மனசு சரியில்லாம போச்சான்னு. எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்காரு, காதுல கொரல் கேக்குதுன்னு வருஷ கணக்கா மாத்திரை சாப்டறவரு. சொன்னதும் பேனாவ கீழ வெச்சிட்டாரு. ஸ்வீடன்ல பட்டாளத்துக்கு எடுத்த 45,000 பசங்கள 15 வருஷம் தொடர்ந்து பாத்து 1987ல எழுதியிருக்காங்க, 50 தடவைக்கு மேல அடிச்சவங்களுக்கு ஸ்கிசோஃப்ரினியாங்கற மனச்சிதைவு நோய் வந்தது தொடாதவங்கள விட 6 மடங்கு, மத்த காரணத்த எல்லாம் கழிச்சா அது நல்லா இறங்குது ஆனா காணாம போகல, உன் வீட்ல ஏற்கனவே ஒருத்தர் இருக்கறப்போ அகழி ஓரத்துல நடந்தத சும்மா விட முடியாதுன்னாரு. நான் சித்தப்பாவ நெனச்சிகினே படி இறங்கினேன்.

கவுன்சிலர் மேடம் தான் இந்த சென்டரோட சொத்து. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், "வாங்க தம்பி"ன்னு தான் ஆரம்பிப்பாங்க. கஞ்சாவ விட வைக்கறதுக்குன்னு அங்கீகாரம் ஆன தனி மாத்திரை எதுவும் இல்ல, பேச்சு தான் மருந்து, அதனால பேசறவங்க சரியில்லன்னா மொத்தமும் வேஸ்ட். நான் மொத நாளே நெஞ்ச நிமித்தி சொன்னேன், மேடம் நான் இத விடலாம், ஆனா இது எனக்கு வாழ்க்கைய வேற மாதிரி காட்டிச்சி, அத நீங்க பொய்னு சொல்லக்கூடாது. பொய்னு சொல்லல. "என்ன காட்டிச்சோ அத எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"ன்னாங்க. இருந்தது. போதையில வர்ற தத்துவத்த மறந்துடுவேன்னு வாய்ஸ் மெமோவா போட்டு வெச்சிருந்தேன், 140க்கு மேல. அடுத்த வாரம் கொண்டுவாங்க, இங்க உக்காந்து கேக்கலாம்னாங்க.

ஐயோ. அத மாதிரி ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில வந்ததில்ல. ஒரு மெமோ முழுக்க நான் சிரிச்சிகினே இருக்கேன். ஒண்ணுல "முள்ளு கத்திரிக்காயில முள்ளு எதுக்கு? யாருக்கு பயந்து?"ன்னு நாலு நிமிஷம். ஒண்ணுல வேலைய விட்டுட்டு ஜவ்வாது மலையில தேன் வாங்கி விக்கறது தான் உண்மையான வாழ்க்கைன்னு சத்தியம் பண்றேன், தேதி பாத்தா 2020. அதே சத்தியம் 2022லயும் கீது, 2024லயும் கீது, கிட்டத்தட்ட அதே வார்த்தை. மேடம் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "ஜமுனாமரத்தூர் போயிருக்கீங்களா தம்பி?" ஜவ்வாது மலை மேல இருக்கற ஊரு அது, போனதில்ல. அரை நாள்ல போய்ட்டு வர்ற ஊருக்கு நாலு வருஷமா போகல. (அப்பறம் போனேன். தேன் விலைய கேட்டேன், கணக்கு போட்டேன், கட்டுப்படி ஆகாது. ரெண்டு பாட்டில் வாங்கிகினு வந்தேன். நல்ல தேன்.)

கடைசியா ஒண்ணு ஓடிச்சி, 2021. எங்க அப்பா மேல்விஷாரத்துல டேனரியில வேலை, வீட்டுக்கு வந்ததும் பொழக்கடையில அரைமணி நேரம் கை கழுவுவாரு. அத பத்தி பேசியிருக்கேன், "அந்த தோல் நாத்தம் நம்ம மேல ஒட்டக்கூடாதுன்னு தான் அப்டி தேய்க்கறாரு, அவ்ளோ பாசம், அந்த மனுஷன் யாருன்னு இன்னிக்கு தான் எனக்கு தெரியுது"ன்னு கொரல் ஒடஞ்சி போய். மேடமும் கொஞ்ச நேரம் பேசல. நான் ஜெயிச்சிட்ட மாதிரி பாத்தேன், இது உண்மை தானே மேடம்னேன். "இருக்கலாம். அவர்கிட்ட சொன்னீங்களா?" இல்ல. "கேட்டீங்களா?" இல்ல. அதான் ஹோம்வொர்க்.

நடுவுல விட்ட கதைய சுருக்கமா. கஞ்சாவ விட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவன நம்பாதீங்க, மூணு ராத்திரி தூக்கமே இல்ல, அப்பறம் தூங்கினா கலர் கலரா கனவு, எழுந்தா ஒரு ஷிஃப்ட் பாத்த அசதி. கம்பெனி லைன்ல நிக்கற பொண்ணுங்க மேல எல்லாம் எரிஞ்சி விழுந்தேன், ஆம்பூர் பிரியாணிய முன்னாடி வெச்சா கூட வாயில எறங்கல. நாங்கல்லாம் சிகரெட் புகையிலைய உதுத்து அதுல கலந்து அடிக்கறவங்க, அதனால நிகோட்டின் பிரச்சனையும் சேந்து வந்தது, இத டாக்டர் சொல்லலன்னா எனக்கு தெரிஞ்சிருக்காது. ரெண்டு வாரத்துல அடங்கிடுச்சி. ஆனா அது கொழுப்புல தங்கற சரக்கு, நான் விட்டு மூணு வாரம் கழிச்சும் ஸ்ட்ரிப்ல பாசிட்டிவ் காட்டிச்சி, அம்மா அழுதுட்டாங்க, மேடம் தான் விளக்கி சொன்னாங்க. ரெண்டாவது மாசம் ஒரு கல்யாண வீட்ல சறுக்கிட்டேன், அதையும் சொன்னேன், திட்டல, எந்த மணிக்கு, யார் கூட, அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு நோட்ல எழுத சொன்னாங்க, அவ்ளோ தான்.

அப்பாகிட்ட பேச எனக்கு அஞ்சு வாரம் ஆச்சி. ஒருநாள் பொழக்கடையில பக்கத்துல போய் நின்னு, ஏம்பா இவ்ளோ நேரம் கழுவுறீங்க, எங்களுக்காகவான்னு கேட்டேன். என்ன ஒரு மாதிரி பாத்தாரு.

"உங்களுக்காக இன்னாடா? சுண்ணாம்பு. தோல ஊற வெக்கறது சுண்ணாம்புல. சரியா போவலன்னா ராத்திரி பூரா எரியும்."

வெரல் இடுக்க காட்டினாரு. தோல் வெடிச்சி செவப்பா இருந்தது. எட்டு வருஷம் நான் அந்த கைய பத்தி தத்துவம் பேசியிருக்கேன், கிட்ட போய் பாத்ததில்ல. சம்பளம் வந்ததும் ரப்பர் கிளவுஸும் தேங்காய் எண்ணெயும் வாங்கிகினு போனேன். கிளவுஸ் போட்டா தோல் நழுவுதுன்னு அத ஓரமா போட்டுட்டாரு, எண்ணெய் பாட்டில் மட்டும் ரெண்டாவது ஓடுது.

யார் போகலாம்னா, விடணும்னு அரைமனசாவது இருக்கறவங்க. வீட்ல கை கால கட்டி கூட்டிகினு போற கேஸுக்கு இந்த எடம் சரிப்படாது, தங்க வெக்காம பாத்து அனுப்பற சென்டர் தான் இது. காசு பிரச்சனைன்னா அடுக்கம்பாறை அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநல ஓபி இருக்கு. நேர்ல போக கூச்சமா இருந்தா 14446, போதைக்குன்னே இருக்கற ஹெல்ப்லைன், மனசு சம்பந்தமா 14416, ரெண்டும் ஃப்ரீ. 2019 மத்திய அரசு சர்வேல 100 பேருக்கு கிட்டத்தட்ட 3 பேர் அந்த ஒரு வருஷத்துல கஞ்சாவோ பாங்கோ (கஞ்சா இலைய அரைச்சி செய்யறது) தொட்டவங்கன்னு இருக்கு, அதனால படியேறறப்போ நம்ம ஒருத்தன் தான்னு நெனைக்க வேணாம், மேல போனா காலண்டர் படிக்க ஆள் இருக்கும்.

சனிக்கிழமை கூட்டம், புதன்கிழமை போங்க. பைக்க பல் டாக்டர் வாசல்ல நிறுத்தினா வாட்ச்மேன் கத்துவாரு, எதிர் டீக்கடை ஓரமா விட்டுடுங்க, ஒரு டீ சொன்னா போதும். அஞ்சுக்கு நாலு மார்க். பாத்ரூமுக்கு தாழ்ப்பாள் போட்டாங்கன்னா நாலரை.